துவாதசிச் சந்தையின் முதல் போணி

மயிலம்மாளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும் என்று மேலப்படுகையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாத்திரம் என்ன பாவம் செய்தது? அவளுக்குக் கோபம் வந்தால் யார் மேல் கோபமோ அவர்களைத் தேடிக்கொண்டு நடப்பாள். துவாதசிச் சந்தை அப்படி நடந்து நடந்து வந்ததுதான். பெரிய மனிதர்கள் கூடித் தீர்மானம் போட்டு, மாலை மரியாதையோடு திறந்து வைத்த சந்தை இல்லை அது. ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சலில் பிறந்தது.

மேலப்படுகை கொள்ளிடத்தின் வடகரையில், டோல்கேட்டிலிருந்து மேற்கே வண்டிப்பாதையில் இரண்டு மைல். கத்தரியும் சுண்டையும் வெற்றிலையும் விளைகிற மண். வெற்றிலைக்கொடி படர அகத்தி நட வேண்டும் என்பதால் அகத்திக்கு அங்கே பஞ்சமே இல்லை. கொடிக்காலில் கழித்துப் போட்ட அகத்திக்கீரையை ஆடுகள் தின்று அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காய்கறி மட்டும் வண்டியேறி, இரண்டு ஆற்றையும் தாண்டித் திருச்சி மண்டிக்குப் போகும். அங்கே தரகன் சின்னையன் சொன்னதுதான் விலை. சின்னையனும் மேலப்படுகையில் பிறந்தவன்தான். ஊரில் அவனை 'அவர், இவர்' என்றுதான் பேசுவார்கள். இந்தக் கதையில் அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது.

'சொன்னதுதான் விலை' என்றது கூடத் தப்பு. விலையை யாரும் சொல்வதே இல்லை. காய்க்காரன் ஒரு கையை நீட்டுவான், சின்னையன் ஒரு கையை நீட்டுவான், இரண்டு கைக்கும் மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பேரம். வெளியே வாய் மட்டும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். முடிந்த விலையைப் பக்கத்துக் கூடைக்காரனிடம் சொல்லக்கூடாது. பெண்டாட்டியிடமும் சொல்லக்கூடாது. சொன்னவனின் கையை அடுத்த முறை எந்தத் தரகனும் துண்டுக்குள் சேர்க்க மாட்டான். இது தாத்தா காலத்து வழக்கம் என்று ஆண்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தங்கள் கழுத்தைத் தாங்களே நெரித்துக்கொள்வதில் என்ன பெருமையோ.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை மயிலம்மாள் ரங்கநாதரைச் சேவிக்க ஸ்ரீரங்கம் போனாள். திரும்பும்போது வடக்கு வீதி முனையில் ஒரு காய்கறிக் கடை. கடைக்கு முன்னால் இருந்த கூடையின் விளிம்பில் ஒரு சிவப்புச் சேலைக்கிழிசல் சுற்றியிருந்தது. அது அவளுடைய சேலை. முந்தின நாள் காலையில் அவள் கையால் சுற்றிக் கட்டியது. கூடைக்குள் இருந்தது அவள் வீட்டுக் கத்தரிக்காய்.

"கிலோ என்னங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்தஞ்சு நயாபைசா. அள்ளாதே, தொடாதே."

பக்கத்தில் ஒரு ஐயங்கார் மாமி அகத்திக்கீரைக்காகக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "பிடி கீரை ரெண்டணாவா? அடுத்த வாரம் துவாதசிக்கு என்ன சொல்லுவே, எட்டணாவா? ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்துட்டு, மறுநாள் அகத்தியும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இல்லாம எந்த ஆத்திலே பாரணை பண்ணுவா? அது தெரிஞ்சுதானே எங்க தலையிலே மிளகாய் அரைக்கறே!"

மயிலம்மாள் அந்த வாடிப்போன கீரைப் பிடியைப் பார்த்தாள். "எங்க ஊர்ல இதை ஆடு திங்க மாட்டேங்குது அம்மா" என்றாள்.

மாமி திரும்பினாள். "அப்போ ஆட்டுக்குப் போடறதை இங்கே கொண்டு வாயேன். ஊரே வாங்குவோம்."

வீட்டுக்கு வந்ததும் மயிலம்மாள் புருஷனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அடைக்கலம் நல்ல மனிதன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டி மேல் ஒரு நாளும் கை நீட்டியது கிடையாது. நல்லவன் என்பதற்கு ஊரில் அவ்வளவுதான் அளவு.

"நேத்து நம்ம கத்தரிக்காயை என்ன விலைக்குக் குடுத்தீங்க?"

"அதெல்லாம் சொல்றதில்லே மயிலு."

"நான் யாரு? மண்டிக்காரன் பொண்டாட்டியா? உங்க பொண்டாட்டி. களை எடுத்தவ, தண்ணி கட்டினவ, புழு பொறுக்கினவ நான்."

"துண்டுக்குள்ள பேசுனதை வெளியில சொன்னா நாளைக்கு என் காயை எவன் வாங்குவான்?"

மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் அதே பதில். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணிய மனிதன், தன் வயலில் விளைந்த காயின் விலையைத் தன் பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டேன் என்கிறான்! நாலாம் நாள் மயிலம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நடக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம் நடந்தாள். கூட இருளாயி வந்தாள். இருளாயிக்குச் சொந்த நிலம் இல்லை. அடைக்கலத்தின் அண்ணன் வீரமலையின் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறவள். அவள் பங்குக் காயையும் வீரமலைதான் மண்டிக்கு ஏற்றிப் போய், வந்த காசில் ஏதோ கொடுப்பான். இரண்டு பேருமாக நாலு கிராமத்து வாசற்படியும் ஏறி இறங்கினார்கள். பேச்சு ஒன்றுதான்: விளைவித்தவரே விற்க வேண்டும், விலையை வாயால் சொல்ல வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒரு முறை துவாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சந்தை. பெண்கள் உடனே சரி என்றார்கள். ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் முப்பத்திரண்டு குடும்பம் சேர்ந்தது. வீரமலையும் சேர்ந்தான், தம்பி பெண்டாட்டி எல்லாரையும் சேர்த்த பிறகு தான் மட்டும் நின்றால் கௌரவம் என்ன ஆவது என்று.

இடம்தான் பெரிய பாடாக இருந்தது. அகத்திக்கீரைக்குச் சண்டை போட்ட மாமியைத் தேடிப் பிடித்தாள். பெயர் கோமளம். அவள் அகத்துக்காரர் ரெங்கமன்னார் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். அடையவளைஞ்சான் வீதியின் வடபக்கத்தில் வீட்டுக்கு நாலு மனை தள்ளி அவருக்கு ஒரு காலி மனை இருந்தது. ஒரு விறகுக்கடைக்காரன் அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான்.

ரெங்கமன்னார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "தை மாசம் முதல் துவாதசிக்கு ஒரு நாள் விடறேன். எனக்கு ரெண்டே கண்டிஷன். ஜனங்க வரணும். வந்தவா வெறுங்கையோட திரும்பப்படாது. நடந்துதுன்னா வருஷம் பூரா மனை உங்களுக்கு. நடக்கலேன்னா விறகுக்கடை. சரிதானே?"

"சரிங்க சாமி" என்றாள் மயிலம்மாள்.

சரி என்று சொல்லும் முன் அவள் இன்னொன்றையும் சேர்த்திருக்க வேண்டும். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வேளாண்மை செய்தவர்கள் கொண்டு வருகிற சந்தையில் வேறு யார் விற்கப்போகிறார்கள்?

தை வந்தது. மயிலம்மாள் பெரிய கடைவீதிக்குப் போய் ஒரு தராசும், அரசாங்க முத்திரை குத்திய புதுக் கிலோக் கற்களும் வாங்கி வந்தாள். துவாதசியன்று கிழக்கு வெளுக்கும் முன்னால் ஆறு வண்டிகள் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து மனைக்குள் நுழைந்தன. கத்தரிக்காய், சுண்டைக்காய், நெல்லிக்காய், வாழைப்பூ, வண்டி நிறைய அகத்திக்கீரை. வெங்காயமும் முருங்கையும் கொண்டு வரக்கூடாது என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அந்த வீதிக்காரர்களுக்கு அது ஆகாது.

ஆண்கள் கூடைகளை இறக்கி வரிசை கட்டினார்கள். முதல் நாள் ஆயிற்றே, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் குடங்களோடு ரெங்கமன்னார் வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்குப் போனார்கள். மயிலம்மாள் தன் தலைக்கூடையையும் எடுத்துக்கொண்டு போனாள். அதில் இருந்த அகத்திக்கீரையில் மண் ஒட்டியிருந்தது, அலச வேண்டும். ராட்டினம் ஒன்று, குடம் முப்பது. அரை மணி நேரம் ஆகிவிட்டது.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் சின்னையன் தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் குடத்தோடு திரும்பியபோது மனைக்குள் சின்னையனின் ஆட்கள் ஆறு பேர் கூடைகளைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீரமலை ரூபாய் நோட்டைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் அடைக்கலம் கையை நீட்டியிருந்தான். அந்தக் கையின் மேல் சின்னையனின் பச்சைக்கரைத் துண்டு கிடந்தது. மயிலம்மாள் ஓடி வருவதற்குள் துண்டு உதறித் தோளுக்குப் போய்விட்டது.

"என்னங்க இது? என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

அடைக்கலம் நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்தான். சின்னையன்தான் கும்பிட்டான். "வா தங்கச்சி. நீ சந்தை போடுறேன்னு கேள்விப்பட்டேன். ஊர்ப்பிள்ளை நான் இருக்கிறப்ப மொத போணியை அசலான் பண்ணலாமா? அதான் விடியறதுக்குள்ள ஓடி வந்துட்டேன். மொத்தமா நானே எடுத்துக்கிறேன்னு சொன்னேன். மண்டியில குடுக்கிறதுக்கு மேலேயே போட்டுக் குடுத்துட்டேன். என்ன மாப்ளே, சரிதானே?"

அடைக்கலம் தலையாட்டினான்.

போணி என்பது என்ன என்று வியாபாரம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நாளின் முதல் கிராக்கியைத் திருப்பி அனுப்பக்கூடாது. கேட்ட விலை கட்டாவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். முதல் கை தட்டிப்போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அதுவும் புதுக்கடையின் முதல் போணி தட்டினால் கடையே விளங்காது. வடை சுடுகிறவளிலிருந்து வைரம் விற்கிறவன் வரை யாரும் இதை மீறியதில்லை. சின்னையன் கும்பிட்ட கையோடு வந்து 'மொத போணி' என்றான். அந்த ஒரு சொல்லுக்கு முப்பத்திரண்டு குடும்பத்து ஆண்களும் ஆட்டுமந்தை மாதிரித் தலையைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் தலை கொடுத்தது வீரமலை.

"போணியைத் தட்டச் சொல்றியா?" என்று அவன் சீறினான். "மொத நாள் அதுவுமா? பொம்பளைப் பேச்சைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. வித்தாச்சு, காசு வந்தாச்சு, வெயில் ஏறுமுன்னே வீடு போய்ச் சேரலாம். இதுக்கு மேலே என்ன சந்தை வேணும்?"

"ஒரு கூடையைப் போணி பண்ணிட்டு நிறுத்தியிருக்கலாமே மாமா! முப்பத்திரண்டு கூடைக்கும் இந்த ஒரு ஆளா போணி?"

"ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க போணி தனி" என்று சின்னையன் சிரித்தான். "உன் கூடை மட்டும் பாக்கி நிக்குது தங்கச்சி. கீரை எத்தனை கட்டு? அண்ணன் போணி பண்ணிட்டுப் போறேன்." நோட்டை எடுத்து நீட்டினான்.

மயிலம்மாளுக்கு உச்சந்தலையில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. மூன்று மாதம் அவள் ஏறிய வாசற்படிகள், கேட்ட நக்கல்கள், காலில் குத்திய கருவேல முள் எல்லாம் அந்த நோட்டுக்குள் மடங்கிக் கிடந்தன. நீர்க்குடத்தை இறக்கி வைத்தாள்.

"உனக்கு விக்க மாட்டேன்" என்றாள்.

பெண்கள் பக்கத்தில் யாரோ 'ஐயையோ' என்றார்கள். போணியைத் தட்டிய வாயை அவர்கள் இதற்குமுன் பார்த்ததில்லை.

"மயிலு!" என்றான் அடைக்கலம். அன்று காலை அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க பேசாதீங்க. துண்டுக்குள்ள பேசுறவங்களுக்குத் துண்டுக்கு வெளியில என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு, மனையின் வாசலோரம் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருளாயி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் காயையும் வீரமலை அவளைக் கேட்காமலே விற்று, ஏதோ காசை அவள் கையில் வைத்திருந்தான்.

சின்னையன் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான், ஜனங்கள் வந்து காலி மனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், மனை விறகுக்கடைக்குப் போகும் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கெட்டிக்காரத்தனத்தை அவள் பாதிதான் அளந்திருந்தாள். அவன் ஆட்கள் வண்டிப் பக்கமே போகவில்லை. சாக்கை விரித்தார்கள். கத்தரிக்காயைக் குவித்தார்கள். அகத்தியைப் பிரித்துச் சின்னச் சின்னப் பிடியாகக் கட்டினார்கள். அவள் வாங்கி வைத்திருந்த தராசையே தூக்கிப் பிடித்தார்கள்.

வெளிச்சம் வந்தது. ஜனங்களும் வந்தார்கள். கோமளம் மாமி வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள் போல. ஈரத்தலையோடு மாமிகள், திருமண் காய்வதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த மாமாக்கள், குழந்தை குட்டிகள் என்று மனை நிறைந்துவிட்டது. பாரணைக்கு நேரமாகிறது என்று எல்லாருக்கும் அவசரம். "கத்தரி கிலோ முப்பத்தஞ்சு! அகத்தி பிடி ரெண்டணா!" என்று சின்னையனின் ஆட்கள் கூவினார்கள். கடைவீதி விலைதான். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். மண்ணைக் கீறியவர்கள் முப்பத்திரண்டு பேரும் பக்கத்து வீட்டு மதில் ஓரமாகக் குந்தி, தங்கள் காயை வேறு ஒருவன் விற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பீடி பற்ற வைத்தான். அதைப் பார்த்ததும் மயிலம்மாளுக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

ரெங்கமன்னார் வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார். நிறைந்த மனையைப் பார்த்து முகமெல்லாம் பல். "பேஷ்! பேஷ்! நன்னா நடக்கறதே!"

சின்னையன் எங்கிருந்தோ ஒரு தட்டோடு முன்னால் வந்தான். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மேலே கொஞ்சம் ரூபாய். "ஐயா, வருஷக் குத்தகைக்கு அச்சாரம். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று நீட்டினான். ரெங்கமன்னார் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மயிலம்மாள் எழுந்து ஓடினாள். "சாமி! என்ன பண்றீங்க? மனை எங்களுக்குன்னு சொன்னீங்களே!"

"ஏம்மா, நீங்கல்லாம் ஒரே ஊர்தானே? இவரும் உங்களைச் சேர்ந்தவர்னார்."

"இவரு தரகருங்க! எங்க காயை எங்ககிட்டேயே வாங்கி, எங்க மனையிலேயே வச்சு விக்கிறாருங்க!"

ரெங்கமன்னாரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் தட்டு கையை விட்டு இறங்கவில்லை. "நான் கேட்டது ரெண்டு. ஜனங்க வரணும், வெறுங்கையோட திரும்பப்படாது. ரெண்டும் நடந்துடுத்து. விளைவிச்சவாதான் விக்கணும்னு நான் எப்போ சொன்னேன்? நீதான் சொன்னியா? இப்போ தாம்பூலம் வாங்கிண்டுட்டேன். வாங்கின தாம்பூலத்தைத் திருப்பறது எங்காத்திலே வழக்கமில்லை."

வழக்கம், வழக்கம், வழக்கம்! துண்டு ஒரு வழக்கம், போணி ஒரு வழக்கம், தாம்பூலம் ஒரு வழக்கம். எல்லா வழக்கமும் சின்னையன் வீட்டு வேலைக்காரன் மாதிரி அவனுக்கு மட்டும் ஓடி ஓடி உழைக்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. அவள் நேராக மதில் ஓரத்துக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள். மனை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நம்ம கத்தரிக்காயை என்ன விலைக்குக் குடுத்தீங்க?"

அடைக்கலம் தரையைப் பார்த்தான்.

"பதினெட்டு வருஷமா உங்ககூடக் குடித்தனம் பண்றேன். எனக்குச் சொல்ல வேணாம். இந்த அம்மாமாருங்களுக்குச் சொல்லுங்க. பையில போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க. என்ன விலை?"

"மாப்ளே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் சின்னையன். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "துண்டுக்குள்ள பேசுனது துண்டோட. உனக்குத் தெரியாததில்லே."

பை பிடித்த கைகள் அப்படியே நின்றன. கோமளம் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.  அடைக்கலம் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அழுதிருந்தால் ஒருவேளை அவன் சமாளித்திருப்பான். அவள் அழவில்லை. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து" என்றான்.

"உரக்கச் சொல்லுங்க."

"கிலோ பத்து நயாபைசா. கீரை கட்டு ரெண்டு நயாபைசா. அந்தக் கட்டைத்தான் அஞ்சு பிடியாப் பிரிச்சிருக்காங்க."

 இருளாயியின் குரல் கீச்சென்று எழுந்தது. "பத்தா? எனக்கு ஏழுன்னுதானே பெரியவங்க காசு குடுத்தாங்க!"

எல்லாத் தலையும் வீரமலை பக்கம் திரும்பின. அவன் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். துண்டுக்குள் சின்னையன் மட்டும் இல்லை, வீரமலையின் சுருட்டலும் இருந்தது என்று மேலப்படுகை அன்றைக்குத்தான் கண்டுகொண்டது. "எனக்கும் பத்துதான்", "எனக்கு ஒம்பதுய்யா", "அடப் பாவி, எனக்கு எட்டுன்னு விரலை மடக்கினியே" என்று மதில் ஓரம் கொந்தளித்தது. பீடி குடித்தவனே முதல் ஆளாகச் சின்னையன் மேல் பாய்ந்தான். நாலு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள்.

கோமளம் மாமி தன் பையைச் சாக்கின் மேல் கவிழ்த்தாள். கத்தரிக்காய் நாலாபக்கமும் உருண்டது. "பென்ஷன்லே எட்டு ரூபாய் கூட்டித் தரச் சொல்லி நாம சர்க்காருக்கு எழுதறோம். இவன் ஒரு காலையிலே இவ்வளவு அடிக்கறான். எனக்கு வேண்டாம்!" என்றாள். அவள் கொட்டியதும் அடுத்தவள் கொட்டினாள். காசைத் திருப்பிக் கொடு என்று கை கையாக நீண்டது. சின்னையனின் ஆட்கள் திணறினார்கள்.

"என்னங்கோ, அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுங்கோ" என்றாள் மாமி.

ரெங்கமன்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் துடைத்தார். "வாக்கு வாக்குதான் கோமளம். அவன் என்ன விலைக்கு வாங்கினா நமக்கென்ன? மனை குடுத்தாச்சு." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவுதான், மனை போயிற்று.  ஒரு கிழவர் பையோடு மயிலம்மாளிடம் வந்து, "ஏம்மா, அடுத்த துவாதசிக்கு நாங்க எங்கே வந்து வாங்கறது?" என்று கேட்டார்.

மயிலம்மாள் தன் கூடையை எடுத்தாள். மனையின் வேலியைத் தாண்டி வெளியே வந்து வீதியின் ஓரத்தில் அதை டப்பென்று வைத்தாள்.

"இங்கே வாங்க சாமி" என்றாள். "தெரு யார்கிட்டேயும் தாம்பூலம் வாங்கலை. கீரை கட்டு நாலு நயாபைசா. துண்டு கிடையாது, துணி கிடையாது, காது கேக்கிற எல்லாருக்கும் அதே விலை."

கூட்டம் வேலிக்கு வெளியே வந்தது. அவள் கூடை கண் மூடித் திறப்பதற்குள் காலியானது. விற்க இன்னும் கூடை இருந்திருந்தால் அதுவும் காலியாகியிருக்கும். கூடையெல்லாம் வேலிக்கு உள்ளே சின்னையனின் சாக்குப் பக்கத்தில் கிடந்தன. எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது. கீரை கிடைக்காத பத்துப் பதினைந்து பேர் வெறுங்கையோடு திரும்பிப் போனதை அவள் நின்று பார்த்தாள். ஒவ்வொரு முதுகும் அவளைச் சுட்டது. பெண்கள் அங்கேயே வீதியில் வைத்துப் பேசி முடித்தார்கள்: அடுத்த துவாதசிக்குத் தெருவோரம், முப்பத்திரண்டு கூடை. வீரமலை மட்டும் வேண்டாம். இருளாயி தன் பங்கைத் தானே தூக்கி வருவாள்.

வண்டிகள் திரும்பின. வீரமலை முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். மயிலம்மாள் வண்டியில் ஏறவில்லை. வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொள்ளிடம் பாலத்தின் மேல் விறுவிறுவென்று நடந்தாள். அடைக்கலம் வண்டியை இன்னொருவனிடம் விட்டுவிட்டுக் குதித்து அவள் பின்னால் ஓடி வந்தான். பாதிப் பாலத்தில் அவளை எட்டிப் பிடித்தான். மேலப்படுகையில் எந்த ஆண்பிள்ளையும் செய்யாததைச் செய்துவிட்ட நினைப்பு அவன் முகத்தில் தெரிந்தது.

"இனிமே மண்டியில என் கையை எவனும் தொட மாட்டான், தெரியுமா? அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். நான் சொன்னதாலதானே மயிலு சனம் நம்ம பக்கம் திரும்புச்சு?"

மயிலம்மாள் நின்றாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்னீங்க. வித்த பிறகு சொன்னீங்க. அவன் துண்டைப் போட்டப்பவே இதே வாயால உரக்கச் சொல்லியிருந்தா, அந்த மனை இந்நேரம் நம்ம மனை."

  அவள் கூடையை அவன் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள்.